பாளையம் வரைக்கும் ஒரு லிஃப்ட்

சந்தோஷமாக இருப்பவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது என் அனுபவம். துக்கத்தில் இருப்பவர் ஒரு மூலையில் உட்கார்ந்து, தன் பாட்டுக்கு அழுதுவிட்டு எழுந்து போய்விடுவார். சந்தோஷம் தலைக்கேறியவர் அப்படி இல்லை. யாருக்காவது ஏதாவது நல்லது செய்தே தீர்வது என்று தெருவில் இறங்கிவிடுவார். திருவனந்தபுரத்தில், ஸ்ரீவராகத்தில், ஒரு மழைக்காலத்தில் அப்படி இறங்கியவள் நான். போதாக்குறைக்கு என்னிடம் ஒரு ஸ்கூட்டர் வேறு இருந்தது.

நான் சென்னையில் வில்லிவாக்கத்தில் வண்டி ஓட்டப் பழகியவள். அங்கே சிக்னலில் ஒரு நொடி தடுமாறினால் போதும், பக்கத்து ஆட்டோவிலிருந்து ஒரு தலை நீளும். "இன்னாம்மா, வீட்ல சொல்ட்டு வந்தியா?" (இது நலம் விசாரிப்பு அல்ல. நீ ஓட்டுகிற லட்சணத்துக்கு இன்று உயிரோடு திரும்பப் போவதில்லை, சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லிவிட்டாயா என்று பொருள்.) நானும் லேசுப்பட்டவள் இல்லை. அதே கேள்வியைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். ஹாரனில் கட்டைவிரலை வைத்தால் எடுக்க மாட்டேன்.

கல்யாணமான புதிதில், வங்கியில் வேலை பார்க்கும் என் கணவர் செந்திலுக்குத் திருவனந்தபுரத்துக்கு மாற்றல் வந்தது. எனக்கும் கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. காலை ஏழு மணி ஷிப்ட். வந்த முதல் வாரமே பழவங்காடி சிக்னலில் ஒருவருடைய பைக்கை உரசிவிட்டேன். நல்ல நீளமான கீறல். அவர் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் நான் மனத்துக்குள் ஏழெட்டு பதில்களை அடுக்கி வைத்துவிட்டேன். அவர் கீறலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சாரமில்ல" என்றார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, சிரித்து, போய்விட்டார். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடிக்காமல் எனக்காகக் காத்திருந்தன. அடுக்கி வைத்த பதில்களோடு நடுரோட்டில் நின்ற எனக்கு, அவற்றை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் கழக்கூட்டத்தில் பேய் மழை. வண்டியை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போயிருந்தேன். நிறுத்தத்தில் ஒண்டிக்கொண்டு நின்றபோது, முன்பின் தெரியாத ஒரு பெண் என் தலைக்கு மேல் குடையை நீட்டி, அலுவலக கேட் வரைக்கும் கூடவே நடந்து வந்தார். உள்ளே நுழைந்து திரும்பிப் பார்த்தால், அவர் வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். அவர் போக வேண்டிய திசையே வேறு! அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஜன்னலில் மழையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு ஊர் நம்மைத் தொட்டுக் கூப்பிடுவது மாதிரி இருந்தது.

அதன்பிறகு நான் நானாக இல்லை. காலை ஆறு மணிக்கு வண்டியை எடுத்தால், ஸ்ரீவராகம் குளத்தின் மேல் லேசாகப் புகைபோல் பனி நிற்கும். கோவில் பாட்டு தண்ணீருக்கு மேலாகத் தவழ்ந்து வரும். இரவு மழையில் நனைந்த ரோட்டில் வானம் கிடக்கும். எங்கிருந்தோ செண்பக வாசனை வரும். எந்த வீட்டு மரம் என்று கண்டுபிடிக்கவே முடியாது. நான் வண்டியில் போகிறேனா மிதக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். என் ஹாரன் பட்டனில் தூசி படிந்தது. "ஏண்டி, பல்லு விளக்கும்போதுகூடவா சிரிப்பே?" என்று செந்தில் கேட்டார். சென்னையில் ஐந்து மணிக்குக் கண் விழித்தாலே எனக்கு எரிச்சல் வரும். இங்கே விழிப்பதற்கு முன்பே சந்தோஷம் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது.

இவ்வளவு கொடுத்த ஊருக்கு நாமும் ஏதாவது செய்ய வேண்டாமா?

அப்போதுதான் கோமதி ஆன்ட்டி என் கண்ணில் பட்டார். அறுபதைத் தாண்டிய வயது. கஞ்சி போட்ட காட்டன் புடவை, காலில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, ஒரு கையில் குடை, இன்னொரு கையில் துணிப்பை. தினமும் அதே நேரத்தில், குளக்கரை வழியாக வேகவேகமாக நடந்து போவார். வேர்வை வழியும். பாவம், இந்த வயதில் வேலைக்கு ஓடுகிறார் என்று நான் முடிவு கட்டினேன். (ஷூ எதற்கு? நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்கிற வேலையாக இருக்கும். பை எதற்கு? மதியச் சாப்பாடு. எனக்கு விடை தெரியாத கேள்வியே அப்போது கிடையாது.)

ஒருநாள் அவர் பக்கத்தில் வண்டியை நிறுத்தினேன். புதிதாகக் கற்றுக்கொண்ட மலையாளத்தை எடுத்து விட்டேன்.

"சேச்சி, எவிடெ போகணும்? ஞான் விடாம்." (அக்கா, எங்கே போகணும், நான் கொண்டுபோய் விடறேன் என்று அர்த்தம்.)

அவர் நின்றார். ஏதோ சொல்ல வாய் திறந்தார். அதற்குள் நான் குனிந்து, பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் கம்பியை இறக்கிவிட்டு, ஸீட்டைக் கைக்குட்டையால் துடைத்து, அவரைப் பார்த்து முகம் முழுக்கச் சிரித்தேன். அவர் திறந்த வாயை மூடினார். சுற்றும்முற்றும் பார்த்தார். குடையை மடக்கி ஏறிக்கொண்டார்.

"எவிடெ?" என்றேன்.

அவர் குடையின் கைப்பிடியைத் திருகினார். பிறகு, "பழவங்காடி" என்றார். கணபதி கோவில் முன்னால் இறக்கிவிட்டேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் கழக்கூட்டம் வரைக்கும் பாடிக்கொண்டே போனேன்.

மறுநாளும் ஏற்றிக்கொண்டேன். அதற்கு மறுநாளும். ஒரு வாரம் நாங்கள் மலையாளத்தில் பேசிக்கொண்டு போனோம். நான் பேசியது மலையாளம் என்று மலையாளிகள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆனால் அவர் பொறுமையாகப் பதில் சொல்வார். அப்புறம் ஒருநாள் ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. நான் "ஐயோ அம்மா!" என்று அலறினேன். பின்னாலிருந்து நிதானமாக ஒரு குரல்: "மெதுவா போ மோளே. நாயி போட்டும்."

நல்ல தமிழ்! ('மோளே' மட்டும் மலையாளம், மகளே என்று பொருள்.)

"உங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

"நாங்க தமிழாக்கும். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். தலைமுறை தலைமுறையா இங்கதான்."

"பின்ன ஏன் ஒரு வாரமா மலையாளத்துல பேசினீங்க?"

"நீ அவ்வளவு ஆசையாப் பேசினே. அதை எதுக்குக் கெடுக்கணும்னு இருந்துட்டேன், கேட்டியா."

இந்த இடத்தில் புத்தியுள்ள பெண்ணுக்கு மண்டையில் மணி அடித்திருக்கும். அடுத்தவர் ஆசையைக் கெடுக்க மனசு வராத இந்த மனுஷி, வேறு எதையெல்லாம் இப்படி சொல்லாமல் இருக்கிறார் என்று யோசித்திருப்பாள். எனக்கு ஒரு மணியும் அடிக்கவில்லை. சேச்சியாக இருந்தவர் அன்றிலிருந்து ஆன்ட்டியானார், அவ்வளவுதான்.

நம் உபசாரம் அத்தோடு நின்றதா? பழவங்காடியில் இறங்கி அவர் பஸ் ஏறி வேலைக்குப் போகிறார் என்று நானே கற்பனை செய்துகொண்டு, "அங்கிருந்து எங்கே போறீங்க? சொல்லுங்க, அங்கேயே விட்டுடறேன்" என்று அடம்பிடித்தேன். அவர் திணறித் திணறி, "பாளையம்" என்றார். பாளையம் என் வழியில்தான், நாலைந்து கிலோமீட்டர். அன்றிலிருந்து பாளையம்.

வழியில் போலீஸ் நிற்பார்கள், பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் வேண்டும். எனவே வாங்கினேன். கத்திரிப்பூ நிறம், பக்கவாட்டில் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள். "உங்களுக்குன்னே வாங்கினேன் ஆன்ட்டி" என்று தலையில் மாட்டிவிட்டேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். நெகிழ்ந்துபோய்விட்டார் என்று எனக்குப் பட்டது.

பாளையத்தில் அவர் இறங்குகிற இடத்தில் ஒரு சாயாக்கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் பழம்பொரி அடுக்கியிருக்கும். நல்ல நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த, விரல் நீளத் தங்கக் கட்டிகள். காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகிறாரே என்று ஒன்று வாங்கிக் கொடுப்பேன். "வேண்டாம் மோளே" என்பார். இந்த ஊரில் நல்ல மனிதர்கள் எதற்கும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள் என்பது நான் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்த உண்மை. ஆகவே இரண்டாக வாங்கிக் கொடுப்பேன்.

வீட்டைப் பற்றிக் கேட்டால் ஆன்ட்டி அதிகம் பேச மாட்டார். "அவரு ரிட்டயர் ஆயாச்சு. வீட்டிலதான். பேப்பர் வாசிப்பாரு." எனக்கு இது போதாதா? மனைவியை வேலைக்கு அனுப்பிவிட்டு, கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படிக்கும் ஒரு கொடுமைக்காரரை உடனே வரைந்துவிட்டேன். மீசைகூட வைத்தேன்.

இந்தச் சமயத்தில் எங்கள் தலையில் ஒரு இடி விழுந்தது. நாங்கள் இருந்தது குளத்துக்குப் பின்சந்தில் ஒரு ஒற்றை அறை. ஒரே ஜன்னல், அதைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். அதையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரரின் மகன் வளைகுடாவிலிருந்து திரும்பி வருகிறாராம். அக்கம்பக்கத்தில் எங்கே தேடியும் வீடு கிடைக்கவில்லை. கழக்கூட்டத்தில் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு அடுக்ககத்தைச் செந்தில் பார்த்து வைத்தார். "உனக்கு ஆபீஸ் பக்கம். என்ன யோசனை?" அந்த பால்கனியில் நின்று பார்த்தேன். லாரி, லாரிக்குப் பின்னால் லாரி. குளம் இல்லை, செண்பகம் இல்லை, ஆன்ட்டி இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு தெருவில் காரணமே இல்லாமல் சந்தோஷமாக இருந்திருக்கிறேன். அந்தத் தெருவை விட்டுப் போனால் அதுவும் போய்விடும் என்று பயந்தேன். சிறுபிள்ளைத்தனம்தான், ஆனால் பயம் நிஜம்.

மறுநாள் வண்டியில் புலம்பினேன். ஆன்ட்டி பாளையம் வரும்வரை கேட்டுக்கொண்டு வந்தார். இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் கொடுக்கும்போது சொன்னார்:

"எங்க வீட்டு மாடி காலியாக்கும். ஆனா அவரு எல்லாருக்கும் கொடுக்க மாட்டாரு. வந்தவங்களை எல்லாம் திருப்பி அனுப்பிட்டாரு. ஞாயித்துக்கிழமை வா. அவருகிட்டப் பேசிப் பாரு."

ஞாயிற்றுக்கிழமை, இருப்பதிலேயே நல்ல உடுப்புகளில் போய் நின்றோம். வாசலில் ஆன்ட்டி என் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் உள்ளேயிருந்து, "கோமதி, அவங்களை வாசல்லயே நிறுத்தி வைப்பாங்களா? உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று ஒருவர் வந்துவிட்டார். அவர்தான் சங்கரலிங்கம் அங்கிள். ஒல்லியாக, மிருதுவாக, மீசை இல்லாமல் இருந்தார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

முதலில் மாடியைக் காட்டினார். இரண்டு அறை, ஒரு சமையலறை. கிழக்குப் பக்க ஜன்னலைத் திறந்தார். மாமரக் கிளை ஒன்று உள்ளே எட்டிப் பார்த்தது. அதற்கு அப்பால் குளம். முழுக் குளமும், படிக்கட்டும், மேலே வானமும். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே இறங்க மனசே வரவில்லை. அங்கே நான் தினமும் காப்பி குடிப்பதையும், தலை துவட்டுவதையும், வயதாவதையும்கூடப் பார்த்துவிட்டேன். செந்தில் தோளைத் தொட்டு இறக்கிக் கூட்டிவந்தார்.

கூடத்தில் உட்கார்ந்தோம். மேஜையில் சர்க்கரை பார்க்கும் சின்ன மிஷின். அதன் பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம், தோல் முழுக்கப் பொட்டுப் பொட்டாகத் துளைகள். கண்ணேறு கழிக்கிற விஷயம் என்று நினைத்தேன். ஆன்ட்டி சாயா கொண்டுவந்தார். ஒரு வாய் குடித்தேன், வாய் கோணியது.

"மன்னிக்கணும்" என்றார் அங்கிள். "எங்க வீட்ல சீனி வாங்கறதில்ல. இவளுக்குச் சுகர். முன்ன நல்லா குறைஞ்சுகிட்டு வந்துது. இப்ப ஒரு ஒண்ணரை மாசமா ஏறுது, என்ன பண்ணியும் நிக்க மாட்டேங்குது. எனக்கு ஒண்ணும் புரியல."

எனக்குப் புரிந்தது. இந்த வயதில் வேலை, அலைச்சல், அதுதானே? ஆனாலும் முதல் சந்திப்பு என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். (அதுதான் நான் அன்று செய்த ஒரே நல்ல காரியம். நீடிக்கவில்லை.)

அங்கிள் செந்திலிடம் வேலை, ஊர், உறவு எல்லாம் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "வாடகை எல்லாம் எனக்குப் பெரிசில்ல மோளே. கீழ நாங்க ரெண்டு கிழடுங்க. மேல இருக்கறவங்க ஒரு அவசரத்துக்கு உதவற ஆளுங்களா இருக்கணும். அதாக்கும் எனக்கு வேண்டியது."

உதவற ஆளுங்க! இதைவிட நல்ல கேள்வி எந்த இன்டர்வியூவிலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அங்கிளுக்குப் பின்னால் நின்றிருந்த ஆன்ட்டி கண்ணை அகலமாக விரித்தார். 'சொல்லு, சொல்லு' என்று ஊக்குவிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"உதவியைப் பத்தி நீங்க கவலையே படாதீங்க அங்கிள். ஆன்ட்டியையே கேளுங்க. ஒண்ணரை மாசமா ஆன்ட்டியைத் தினமும் நான்தான் என் வண்டியில கூட்டிட்டுப் போய் விடறேன். ஒரு அடி நடக்க விட்டதில்லை!"

அங்கிள் சாயா டம்ளரை மேஜையில் வைத்தார்.

"நடக்க விட்டதில்ல" என்றார் அங்கிள், மெதுவாக.

"ஒரு அடிகூட!"

ஆன்ட்டி இப்போது தலையை இடமும் வலமும் ஆட்டினார். தன்னடக்கம். செந்தில் என் காலை மிதித்தார். இடம் பற்றாமல் மிதித்துவிட்டார் என்று காலை நகர்த்திக்கொண்டேன்.

"எது வரைக்கும் மோளே?"

"முதல்ல பழவங்காடி வரைக்கும்தான் அங்கிள். அப்புறம் நான்தான் பாளையம் வரைக்கும் நீட்டிச்சேன். தனியா ஹெல்மெட்கூட வாங்கியிருக்கேன். வெறும் வயித்தோட போறாங்களேன்னு பழம்பொரியும் வாங்கிக் கொடுத்துடுவேன். ரெண்டு."

"ரெண்டு" என்றார் அங்கிள். அவர் முகத்தில் ரத்தம் ஏறி இறங்குவதைப் பார்த்தேன். குற்ற உணர்ச்சி வேலை செய்கிறது என்று நினைத்தேன். அடுத்து நான் பேசியதை இன்று நினைத்தாலும் எனக்குக் காது மடல் சுடும். ஜன்னலும் குளமும் மாமரமும் எல்லாம் மறந்து, நியாயம் ஒன்றுதான் கண்முன் நின்றது.

"தப்பா எடுத்துக்காதீங்க அங்கிள். நீங்க பெரியவங்க. ஆனா நீங்க வீட்ல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு, இந்த வயசுல சுகரோட அவங்களை வேலைக்கு அனுப்பலாமா?"

அங்கிள் நாற்காலியில் முழுசாகத் திரும்பினார்.

"கோமதி, நீ வேலைக்குப் போறியா?"

"இன்னும் கொஞ்சம் சாயா எடுக்கட்டுமா?" என்றார் ஆன்ட்டி.

"நீ வேலைக்குப் போறியா கோமதி?"

அதற்குமேல் ஒளிக்க ஒன்றுமில்லை. அங்கிள் என்னிடம் திரும்பி, மிக மிக மரியாதையாகச் சொன்னார். "மோளே, அவளை டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு. தினம் ஒரு மணி நேரம். அதுக்காக்கும் அந்த ஷூ. பை, பூஜைக்கு வழியில பூ பறிச்சுக்க."

அந்தச் சமயம் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். பிளக்கவில்லை. அந்தக் கூடத்துத் தரை நல்ல உறுதியான தரை. செந்தில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா ஆன்ட்டி?" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

"சொல்லத்தான் வாயத் திறந்தேன். நீ சிரிச்சியே ஒரு சிரிப்பு! ஊருக்குப் புதுசா வந்த பொண்ணு, ஆசையாக் கூப்பிடுது, எப்படி முகத்துல அடிச்ச மாதிரி சொல்றது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ ஹெல்மெட் வாங்கிட்டே." ஆன்ட்டி புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார். "பாளையத்திலேர்ந்து பஸ் பிடிச்சு, கூட்டத்துல இடிபட்டு, வேர்த்து வந்து நிப்பேன். இவரு, 'இன்னைக்கு நல்லா நடந்திருக்கே'ன்னு துண்டு எடுத்துக் கொடுப்பாரு. எனக்கு உயிர் போகும்." கொஞ்சம் நிறுத்தி, மெல்லிய குரலில் சேர்த்தார். "சத்தியம் சொல்லணும்னா, வண்டியில அந்தக் காத்து கொள்ளாம், நல்லாத்தான் இருந்துது."

அங்கிள் எழுந்து ஜன்னல் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். தோள் குலுங்கியது. வீடு போயிற்று, வெளியே போங்கள் என்று சொல்ல மரியாதை தடுத்து நிற்கிறார் என்று நினைத்து நாங்கள் எழுந்துவிட்டோம். அவர் திரும்பினார். கண் நிறையத் தண்ணீர். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நோய் கூடலை" என்றார். "கோமதி, நோய் கூடலை, கேட்டியா? ஸ்கூட்டராக்கும் காரணம்!"

மேஜையிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். இனியும் ஏறினால் ஊசிதான், தினமும் வீட்டிலேயே போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மனைவிக்கு வலிக்காமல் போட வேண்டுமே என்று, நர்ஸ் சொன்னபடி இந்தப் பழத்தில் குத்திக் குத்திப் பழகிக்கொண்டிருக்கிறார். அவள் ஆசைப்படுவாளே என்று உறவுக்காரர் கல்யாணத்தில் பாயசத்தைக்கூடத் தொடாமல் எழுந்து வந்திருக்கிறார். நான் மீசை வைத்து வரைந்த கொடுமைக்காரர்.  அவர் காலில் விழலாமா என்று தோன்றியது. பக்கத்தில் சாயா டம்ளர் இருந்ததால் விழவில்லை. இருக்கிற சேதம் போதும்.

"இந்தா கோமதி. இதைப் பிழிஞ்சு எல்லாருக்கும் நாரங்காவெள்ளம் போடு. உப்புப் போட்டு."

அத்தனை துளை விழுந்த பழத்தில் பிழிவதற்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. ஆளுக்கு ஒரு டம்ளர் உப்புத் தண்ணீர் என்றுதான் சொல்ல வேண்டும். நான் அதற்குப் பிறகு எத்தனையோ பானங்கள் குடித்துவிட்டேன், எதுவும் அந்த ருசிக்குக் கிட்ட வரவில்லை.

மாடியைக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை. "காலையில வழியில இவளைக் கண்டா நீ நிறுத்தப்படாது. சிரிக்கப்படாது. கண்ணெடுத்துப் பாக்கப்படாது. மரியாதையில்லாமப் போகணும். முடியுமா மோளே?"

மரியாதையில்லாமல் போவது வில்லிவாக்கத்துக்காரிக்குப் பெரிய விஷயமா என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். அது எவ்வளவு கஷ்டம் என்று மறுநாள் தெரிந்தது. பனி மூடிய குளக்கரையில் வெள்ளை ஷூக்கள் முன்னால் போகின்றன. நான் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு தாண்டிப் போகிறேன். பக்கத்தில் வரும்போது ஆன்ட்டி குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொள்வார், அவருக்கும் சிரிப்பு வந்துவிடும் என்று. கண்ணாடியில் அந்தக் குடை சின்னதாகிக்கொண்டே போகும். இரண்டு மாதத்தில் சுகர் இறங்கியது. அன்று அங்கிள் கத்திரிப்பூ ஹெல்மெட்டைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டு என் வண்டிப் பக்கம் வந்து நின்றார். "அந்தப் பழம்பொரிக் கடை எங்கனயாக்கும் மோளே? கோமதிகிட்டச் சொல்லாதே." (சொல்லவில்லை. ஆன்ட்டியும் இதைப் படிக்கப் போவதில்லை என்று நம்புகிறேன்.)

இதில் என் பெயர்தான் கெட்டது. நிபந்தனை தெருவுக்குத் தெரியாதே. "மேல் மாடியில இருக்கா, கீழ் வீட்டு அம்மா வேர்த்து நடந்து போறாங்க, ஒருநாள் ஏத்திக்கறாளா பாரு. சென்னைக்காரிங்க அப்படித்தான்" என்று பேச்சு. ஊருக்கே உபசாரம் செய்யப் புறப்பட்டவளுக்கு, ஸ்ரீவராகத்தில் உபசாரம் தெரியாதவள் என்று பட்டம். நான் வாயைத் திறக்கவில்லை. சாரமில்ல.

போன மழைக்காலத்தில் ஒரு காலை. எனக்கு முன்னால் ஆன்ட்டி போய்க்கொண்டிருந்தார். முனை வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு இளைஞர் பைக்கில் வந்து அவர் பக்கத்தில் நிறுத்தினார். முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். செண்பக வாசனையும் சாரமில்லையும் சேர்ந்து தலைக்கேறிய சிரிப்பு. ஆன்ட்டி சொல்வதற்கு வாய் திறந்தார். அதற்குள் அந்த இளைஞர் கால் வைக்கும் கம்பியை இறக்கிவிட்டார். ஆன்ட்டி வாயை மூடினார். சுற்றும்முற்றும் பார்த்தார்.

குடை மடங்க ஆரம்பித்தது.

எத்தனையோ வருஷமாகத் தூசி படிந்து கிடந்த ஹாரனில் கட்டைவிரலை வைத்தேன். எடுக்கவில்லை. குளத்தில் இருந்த கொக்குகள் பறந்தன. ஜன்னல்கள் திறந்தன. நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஆன்ட்டி! வீட்ல சொல்ட்டு வந்தீங்களா?"

குடை படாரென்று விரிந்தது. ஆன்ட்டி ஒரு வார்த்தை பேசாமல், விட்ட நடையை இரண்டு மடங்கு வேகத்தில் தொடர்ந்தார். பைக்கில் வந்தவர் என்னைப் பார்த்த பார்வையில் சென்னையின் மானம் கப்பலேறியது.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் அதுதான் வழியனுப்பும் வாசகம். செந்தில் வங்கிக்குக் கிளம்பினாலும் கேட்போம், பால்காரர் திரும்பினாலும் கேட்போம். தினமும் காலையில் ஆன்ட்டி ஷூ மாட்டி முடிக்கும்வரை அங்கிள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். என்னிடம் கற்றுக்கொண்ட சென்னைத் தமிழில், கொஞ்சம் பாட்டுப் பாடுவது மாதிரி, அவர் கேட்பது மாடி ஜன்னலில் காப்பியோடு நிற்கும் எனக்குக் கேட்கும்.

"இன்னாம்மா, வீட்ல சொல்ட்டு வந்தியா?"

(இங்கே அது நலம் விசாரிப்புதான்.)